நியூயார்க் ஸ்டேக் ஹவுஸில் ஆறு நண்பர்கள்: எங்கே போவது, எதை வாங்குவது, எப்படிப் பங்கிடுவது

கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் பத்தாண்டுகளுக்குப் பிறகு நியூயார்க்கில் கூடுகிறீர்கள். தடித்த இறைச்சித் துண்டுகளை (ஸ்டேக்) அனலில் வாட்டித் தரும் ஊரின் பழைய ஸ்டேக் ஹவுஸ் ஒன்றில் நிதானமாக உட்கார்ந்து இரவு உணவு உண்ண வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஆறு பேரில் நால்வர் மாட்டிறைச்சி உண்பவர்கள். ஒருவர் ஆடு, கோழி, மீன் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்பவர். ஒருவர் முழுச் சைவம். இருவர் மது தொடுவதில்லை. எந்த உணவகம், எதை வாங்குவது, வேகும் பதத்தை எப்படிச் சொல்வது, செலவு எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் கேட்டரிங் படித்துவிட்டு இங்கே வந்து, மன்ஹாட்டனில் ஒரு ஸ்டேக் ஹவுஸின் அடுக்களையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதில் நான்கு ஆண்டுகள் பிராய்லர் என்ற அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆளுக்கொரு ஸ்டேக் என்று வாங்காதீர்கள். எலும்போடு கூடிய பெரிய துண்டுகள் இரண்டை மேசைக்குப் பொதுவாக வாங்கி, அறுத்துக் கொண்டுவரச் சொல்லி, பங்கிட்டு உண்ணுங்கள்.

இதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமில்லை. இறைச்சித் துண்டு தடிமனாக இருந்தால்தான் மேற்புறம் நன்றாகக் கருகிச் சிவந்து மொறுமொறுப்பு ஏறும்வரை அனலில் வைக்க முடியும். அதற்குள் உட்புறம் காய்ந்துபோகாது. ஸ்டேக் ஹவுஸ்களில் உள்ள பிராய்லர் மேலிருந்து அனல் இறங்கும் அடுப்பு. வீட்டு ஓவன் எட்ட முடியாத வெப்பம் அதில் உண்டு. அந்த வெப்பத்தில் 2 சென்டிமீட்டர் துண்டு சில நிமிடங்களில் உள்ளேயும் வெந்து விறைத்துவிடும். 5 சென்டிமீட்டர் துண்டு தாக்குப்பிடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஆறு பேர் ஆறு வகைத் துண்டை ஆறு பதத்தில் கேட்டால், முழுக்க வேக வேண்டிய ஒன்று 25 நிமிடம் எடுக்கும்போது, லேசாக வாட்டினால் போதும் என்று கேட்கப்பட்டது பத்து நிமிடத்தில் முடிந்து மற்றவற்றுக்காகக் காத்திருக்கும். நல்ல சமையற்காரர் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார் என்றாலும், வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, முப்பது துண்டுகள் ஒரே நேரத்தில் அனலில் கிடக்கும்போது, அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை.

பங்கிடுவதற்கென்றே அமைந்த துண்டு போர்ட்டர்ஹவுஸ். மாட்டின் முதுகின் பின்பகுதியில், 'டி' வடிவ எலும்பின் இருபுறமும் இரண்டு வேறு வேறு தசைகள் இருக்கின்றன. ஒருபுறம் ஸ்ட்ரிப், அதாவது ஓரத்தில் கொழுப்புப் பட்டை ஓடும், கொஞ்சம் கடித்து மெல்ல வேண்டிய, சுவை மிகுந்த பகுதி. மறுபுறம் ஃபிலே, அதாவது நம்மூர்க் கடைகளில் அண்டர்கட் என்று கேட்டு வாங்குகிறோமே, அதே மெத்தென்ற பகுதி. இரண்டும் ஒரே எலும்பில் வருவதால் ஒரே தட்டில் இரண்டு சுவையும் கிடைக்கின்றன. டி-போன் என்பதும் இதே இடத்துத் துண்டுதான். ஃபிலேயின் அகலம் குறைந்தது 1.25 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர் இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ் என்று சொல்லலாம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வரையறை. நியூயார்க்கில் இது 'இருவருக்கு', 'மூவருக்கு', 'நால்வருக்கு' என்றே விற்கப்படுகிறது. இருவருக்கான துண்டு எலும்போடு பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். அமெரிக்கர்களின் 'இருவர்' என்ற கணக்கை நம் வயிற்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பசிக்கு ஏதாவது உண்டு, பக்க உணவுகளும் இருந்தால், இருவருக்கானது மூவருக்குத் தாராளம்.

இப்போது இடம். நியூயார்க்கில் இந்த வகையில் பெயர் பெற்ற பழைய உணவகங்கள் சில இருக்கின்றன. மீட்பேக்கிங் வட்டாரத்தில் 1868 முதல் நடக்கும் ஓல்ட் ஹோம்ஸ்டெட், 52ஆம் தெருவில் 1927 முதல் இருக்கும் கேலகர்ஸ் ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கவை. கேலகர்ஸில் இறைச்சியைப் பதப்படுத்தும் குளிர் அறை தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், உள்ளே நுழையும் முன்பே வரிசை வரிசையாகக் கருத்துக் காய்ந்து கிடக்கும் முதுகுத் துண்டுகளைப் பார்க்கலாம். உங்களோடு வரும் நண்பர்களில் இந்தத் தொழிலின் மீது ஆர்வம் உள்ளவர் இருந்தால் அந்தக் கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

புகழில் முதலிடம் புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள பீட்டர் லூகருக்கு. 1887இல் பில்லியர்ட்ஸ், பந்துருட்டும் கூடம் ஆகியவற்றோடு கூடிய சிற்றுண்டிச் சாலையாகத் தொடங்கியது. உரிமையாளர் பீட்டர் லூகரின் மறைவுக்குப் பின் கடை நொடித்து 1950இல் ஏலத்துக்கு வந்தபோது, எதிர்ப்புறத்தில் உலோகப் பொருள் தொழிற்சாலை வைத்திருந்த அதன் வாடிக்கையாளர் சோல் ஃபோர்மன் அதை வாங்கினார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி அதற்குப் பின்னால் வருவது: அவருடைய மனைவி மார்ஷா ஃபோர்மன், இறைச்சியைத் தரம் பார்க்க முறையாகக் கற்றுக்கொண்டு, ஆண்கள் மட்டுமே நடமாடிய மொத்த விற்பனைச் சந்தைக்குத் தாமே போய்த் துண்டு துண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார், அந்தப் பொறுப்பு அவருக்குப் பின் அந்தக் குடும்பத்துப் பெண்களிடமே தொடர்ந்தது. அங்கே போர்ட்டர்ஹவுஸை முதலில் அனலில் வாட்டி, அறுத்து, எலும்பைச் சுற்றி மீண்டும் அடுக்கி, வெண்ணெய் ஊற்றித் தட்டோடு இன்னொரு முறை அனலுக்குள் தள்ளுவார்கள். மேசைக்கு வரும்போது தட்டின் ஓரங்களில் வெண்ணெயும் கொழுப்பும் கொதித்துக்கொண்டிருக்கும். பரிமாறுபவர் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் சிறு தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துச் சாய்ப்பார். சாறு முழுவதும் தாழ்ந்த பக்கத்தில் தேங்கும். அதைக் கரண்டியில் அள்ளித் துண்டுகளின் மீது ஊற்றித் தருவார். இந்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தட்டே அடுப்புபோலச் சுடுவதால், அறுத்த துண்டுகள் மேசையிலும் வெந்துகொண்டே இருக்கும். ஆகவே உங்களுக்கு மீடியம், அதாவது நடுத்தரமாக வெந்த பதம் வேண்டுமென்றால், அதைவிட ஒரு படி குறைவாக வெந்த மீடியம் ரேர் என்று சொல்வதே சரி. இன்னும் கொஞ்சம் வேக வேண்டும் என்பவர் தம் துண்டைத் தட்டின் சூடான பகுதியில் அரை நிமிடம் அழுத்தி வைத்துக்கொள்ளலாம். இந்த உணவகம் நீண்டகாலமாகக் கிரெடிட் கார்டு வாங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டெபிட் கார்டோ ரொக்கமோ கையில் இருக்க வேண்டும்.

இருந்தாலும், உங்கள் குழுவுக்கு நான் சொல்வது கீன்ஸ். மன்ஹாட்டனில் மேற்கு 36ஆம் தெருவில், 1885இல் ஆல்பர்ட் கீன் தொடங்கிய இடம். அன்றைக்கு அந்தப் பகுதி நாடக அரங்குகள் நிறைந்தது. நடிகர்கள் வேடத்தோடேயே இடைவேளையில் வந்து போவார்களாம். கூரையைப் பார்த்தால் நீண்ட களிமண் புகைக்குழாய்கள் 50,000க்கு மேல் நெருக்கமாகத் தொங்கும். வாடிக்கையாளர்கள் தத்தம் குழாயை அங்கேயே எண்ணிட்டு வைத்துப் போகும் பழைய வழக்கத்தின் மிச்சம் அது. அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், பேஸ்பால் வீரர் பேப் ரூத், ஐன்ஸ்டைன் ஆகியோரும் அப்படிக் குழாய் வைத்திருந்தவர்கள். ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த அந்தக் கூடத்தில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதால் 1905இல் நடிகை லில்லி லாங்ட்ரி வழக்குத் தொடுத்து வென்று, உள்ளே போய் உண்டார். அவர் உண்டது அங்கே புகழ்பெற்ற மட்டன் சாப். நான் கீன்ஸைச் சொல்வதற்குக் காரணமும் அதுதான். பெரும்பாலான ஸ்டேக் ஹவுஸ்களில் மாட்டிறைச்சி உண்ணாதவருக்குக் கிடைப்பது, யாரும் அதிகம் கேட்காத ஒரு கோழித் துண்டு; மற்றவர்கள் கண் விரிய உண்ணும்போது அவர் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிடும். கீன்ஸிலோ, ஆட்டிறைச்சி உண்பவர் முன்னால் வரும் தட்டுதான் அந்த மேசையிலேயே பேசப்படும் தட்டாக இருக்கும். முதுகெலும்பின் இருபுறத்தையும் சேர்த்து அறுத்த, ஓரத்துக் கொழுப்பு முறுகிச் சுருண்ட, கையகலத்துக்கு மேல் பெரிய துண்டு அது. மாட்டிறைச்சி உண்ணும் நால்வரும் ஆளுக்கொரு வாய் கேட்பார்கள் பாருங்கள்.

மாட்டிறைச்சி உண்ணாமை அவருக்கு விருப்பம் சார்ந்ததா, சமய ஒழுக்கம் சார்ந்ததா என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எல்லா இறைச்சியும் ஒரே பிராய்லரில், ஒரே இடுக்கியால் புரட்டப்படுவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒட்டவே கூடாது என்பவராக இருந்தால், தனி வாணலியில் வெண்ணெயில் சமைக்கப்படும் மீன் பாதுகாப்பானது. அதையும் பரிமாறுபவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஹலால் மட்டுமே உண்ணும் நண்பர் யாரேனும் இருந்தால் இந்தப் பழைய உணவகங்கள் எதுவும் ஒத்துவராது. நியூயார்க் வட்டாரத்தில் ஹலால் ஸ்டேக் ஹவுஸ்கள் இருக்கின்றன, ஆறு பேரும் அங்கே போவதே மரியாதை.

சைவ நண்பரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல எண்ணம் கொண்டவர்கள்கூடத் தவறிவிடுகிறார்கள். பட்டியலில் காய்கறி என்று இருப்பதெல்லாம் சைவம் என்று எண்ணிவிடக் கூடாது. சீசர் சாலட்டின் கலவையில் நெத்திலி இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் சில இடங்களில் மாட்டுக்கொழுப்பிலோ பன்றிக்கொழுப்பிலோ வதக்கப்படும். காளானைக் கடைசியில் இறைச்சிச் சாற்றில் புரட்டி எடுப்பது நாங்களே நாள்தோறும் செய்த வேலை. அந்த மினுமினுப்பு அதில்தான் வரும். வெங்காய சூப்பின் அடிப்படையே மாட்டெலும்புச் சாறு. பாலாடைக்கட்டிகளில் பார்மிஜானோ போன்றவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கப்படுபவை. ஒரு முறை என் உறவினர் ஒருவர், வேறோர் உணவகத்தில், காளான் தட்டை முழுவதும் உண்டுமுடித்த பிறகுதான் உண்மை தெரிந்து, அன்று இரவு முழுவதும் வருந்திக்கொண்டிருந்தார். அவரை அழைத்துப்போன எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. ஆகவே முன்பதிவின்போதே தொலைபேசியில் அழைத்து, இறைச்சிச் சாறு, மீன், விலங்குக் கொழுப்பு எதுவும் இல்லாத முழுத் தட்டு ஒன்று தர முடியுமா என்று கேட்டுவிடுங்கள். ஒரு நாள் முன்பே தெரிந்தால் எந்த நல்ல அடுக்களையும் அக்கறையோடு செய்து தரும். இரவு எட்டு மணிக்கு மேசையில் கேட்டால் வேகவைத்த பிரக்கோலிதான் வரும். முழு உருளைக்கிழங்கைச் சுட்டு வெண்ணெயும் புளித்த கிரீமும் வைத்துத் தருவது, பன்றியிறைச்சித் தூவல் இல்லாமல் கேட்ட லெட்டூஸ் சாலட், கிரீமில் மசித்த கீரை ஆகியவை பெரும்பாலும் நம்பத்தக்கவை. கீரையையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இறைச்சியின் தரத்தைப் பற்றி இரண்டு சொற்கள் தெரிந்திருந்தால் போதும். முதலாவது பிரைம். அமெரிக்க வேளாண் துறையின் தரம் பார்ப்பவர், மாட்டின் 12ஆம் விலாவுக்கும் 13ஆம் விலாவுக்கும் இடையே வெட்டிய பரப்பைப் பார்த்து, சிவப்புத் தசைக்குள் வெள்ளை நூலிழைபோல ஓடும் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதையும் மாட்டின் வயதையும் வைத்துத் தரம் சொல்வார். பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று அது இறங்கும். அந்த இழைக்கொழுப்பு வேகும்போது உருகித் தசையை உள்ளிருந்தே நனைப்பதால்தான் பிரைம் துண்டு சாறோடு இருக்கிறது. இரண்டாவது சொல் டிரை ஏஜிங். எலும்போடும் கொழுப்போடும் கூடிய பெரிய முதுகுப் பகுதியை, உறைநிலைக்குச் சற்றே மேலான குளிரில், காற்றோட்டமுள்ள அறையில் மூன்று நான்கு வாரங்கள் திறந்தபடி வைத்திருப்பார்கள். தசையிலேயே இருக்கும் நொதிகள் நார்களை மெல்ல அறுக்கின்றன. நீர் வற்றிச் சுவை செறிகிறது. அந்த அறைக் கதவைத் திறந்தால் அழுகல் நாற்றம் வராது; வறுத்த கடலையும் முதிர்ந்த பாலாடைக்கட்டியும் கலந்ததுபோல ஒரு மணம் வரும். மேற்பரப்பு செருப்புத் தோல்போலக் கருத்து இறுகியிருக்கும். அதைச் சீவி எறிந்தால் உள்ளே அடர்ந்த சிவப்பு. நீராகவும் சீவலாகவும் போகும் எடைக்குச் சேர்த்துத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். முதல் முறை உண்பவர்களுக்கு 28 நாள் வைத்தது போதும். 60 நாளைத் தாண்டியது சிலருக்கு நெடியடிக்கும்.

இனி, பதம். நம்மவர்கள் பலரும் தயங்குவது இங்கேதான், அதற்குக் காரணம் தட்டில் தேங்கும் சிவப்புச் சாறு. அது இரத்தம் இல்லை. அறுத்தபோதே இரத்தம் வடிந்துவிடுகிறது. தட்டில் நாம் பார்ப்பது தசையின் நீரும், அதில் கரைந்துள்ள மயோகுளோபின் என்ற நிறமிப் புரதமும். வெப்பம் ஏற ஏற அந்தப் புரதம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, பின் பழுப்பாகிறது. உட்புற வெப்பம் 50 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் ரேர், 54 முதல் 57 வரை மீடியம் ரேர், 60 முதல் 63 வரை மீடியம், 70ஐத் தாண்டினால் வெல் டன். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டு இறைச்சிக்குப் பரிந்துரைப்பது 63 பாகையும் மூன்று நிமிட ஓய்வும். முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதால் அனலில் அழிந்துவிடுகின்றன என்பதே மீடியம் ரேரைத் துணிந்து உண்பதன் அடிப்படை. கொத்துக்கறியில் மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுவதால் அதற்கு 71 பாகை வேண்டும். கருவுற்றிருப்பவரோ, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ குழுவில் இருந்தால் அவர்களுக்கு நன்றாக வெந்ததே நல்லது.

முழுக்க வெந்ததுதான் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் பணம், உங்கள் நாக்கு. ஆனால் அதற்கேற்ற துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபிலேயில் கொழுப்பு குறைவு. அதை முழுக்க வேகவைத்தால் வெறும் நாராகிவிடும். போர்ட்டர்ஹவுஸில் ஒரு பக்கம் ஃபிலே என்பதால் அதையும் அப்படிக் கேட்காதீர்கள். விலாப் பகுதியிலிருந்து வரும் எலும்போடு கூடிய ரிப்ஐயில் கொழுப்பு தசைக்குள் எங்கும் விரவியிருக்கிறது. அது மீடியத்திலும், மீடியத்துக்கும் வெல் டனுக்கும் இடைப்பட்ட மீடியம் வெல்லிலும் இன்னும் நன்றாகவே இருக்கும், சொல்லப்போனால் அந்தக் கொழுப்பு உருக மீடியமாவது வேண்டும். ஆகவே உங்கள் நால்வருக்கு நான் எழுதித் தரும் ஆர்டர் இதுதான்: இருவருக்கான போர்ட்டர்ஹவுஸ் ஒன்று, மீடியம் ரேர்; எலும்போடு ரிப்ஐ ஒன்று, மீடியம் வெல். இரண்டையும் அறுத்துத் தரச் சொல்லுங்கள். சிவப்பைப் பார்த்துத் தயங்குபவர் ரிப்ஐயில் தொடங்கி, விரும்பினால் போர்ட்டர்ஹவுஸின் ஓரத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்க்கட்டும். ரிப்ஐயில் கண்போன்ற நடுத்தசையைச் சுற்றிப் பிறைபோல ஒரு தனித்தசை ஓடும். மாட்டிலேயே மிகச் சுவையான பகுதி என்று நான் கருதுவது அதைத்தான். பரிமாறும் பொறுப்பை ஏற்பவர் அதை ஒருவருக்கே போட்டுவிடாமல் நால்வருக்கும் பங்கிட வேண்டும்.

தட்டு வந்ததும் நடுத்துண்டு ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். கேட்ட பதத்தைவிடக் குறைவாக இருந்தால் தயங்காமல் உடனே சொல்லுங்கள். மீண்டும் அனலில் வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, எந்தச் சமையற்காரரும் அதற்காக மனம் வருந்துவதில்லை. பாதி உண்ட பிறகு சொன்னால்தான் சங்கடம். அதிகமாக வெந்துவிட்டிருந்தால் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும், அதையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பக்க உணவுகள் தனியாகத்தான் விலைக்கு வரும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பேருக்குப் போதும். ஆறு பேருக்கு நான்கு வாங்குங்கள், அவற்றில் குறைந்தது இரண்டு சைவ நண்பர் உண்ணத்தக்கவையாக இருக்கட்டும். முன்பசிக்கு இறால் காக்டெயில் (மது இல்லை, குளிரவைத்த இறாலைச் சாஸோடு தருவது) ஒன்றிரண்டு போதும். ரொட்டிக் கூடையை முதலிலேயே காலி செய்துவிடாதீர்கள்.

மது அருந்தும் நால்வருக்குக் கோப்பைக் கணக்கைவிடப் புட்டிக் கணக்கு ஆதாயம். 750 மில்லி லிட்டர் புட்டியில் ஐந்து கோப்பை வரும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு, கொழுப்பும் புரதமும் நிறைந்த வாய்க்குள் மென்மையாகிவிடுவதால்தான் கபர்னே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயின் ஸ்டேக்கோடு சேர்கிறது. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் இருந்து வரும் புட்டிகள் விலை அதிகம். அர்ஜென்டினாவின் மால்பெக் என்ற சிவப்பு ஒயின் பாதி விலையில் அதே வேலையைச் செய்யும். ஒயின் ஆலோசகரிடம் விலையை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், பட்டியலில் உங்களுக்கு ஏற்ற விலையை விரலால் தொட்டு, 'இந்த வகையில் ஒன்று' என்று கேளுங்கள், அவருக்குப் புரிந்துவிடும். மது அருந்தாத இருவரின் பங்கில் இந்தச் செலவைச் சேர்க்காதீர்கள். உட்காரும்போதே மதுவுக்குத் தனி பில் கேட்டுவிட்டால் கடைசியில் கணக்குப் பார்க்கும் சங்கடம் இருக்காது.

பில்லில் ஏமாறும் இடங்கள் மூன்று. தண்ணீர் எப்படி வேண்டும், சாதாரணமா நுரையுள்ளதா என்று கேட்டால் இரண்டுமே விலைக்கு வரும் புட்டிகள்தாம். குழாய்த் தண்ணீர் என்று சொன்னால் இலவசம், நியூயார்க்கின் குழாய்த் தண்ணீர் அருமையானது. அடுத்து, பரிமாறுபவர் வாயால் சொல்லும் இன்றைய சிறப்பு உணவுகள். விலையைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். குறிப்பாக ஏ5 வாக்யு என்ற உயர்தர ஜப்பானிய மாட்டிறைச்சி அவுன்ஸ் கணக்கில், அதாவது 28 கிராமுக்கு இவ்வளவு என்று விற்கப்படும், குறைந்தது இத்தனை அவுன்ஸ் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது நல்ல பொருள்தான், ஆனால் வெண்ணெய்போல அவ்வளவு கொழுப்பு. இரண்டு மூன்று வாய்க்கு மேல் திகட்டும். போர்ட்டர்ஹவுஸ் வரும் இரவில் அதற்கு இடமில்லை. மூன்றாவது, பரிமாறுபவருக்கான அன்பளிப்பு. ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் பல உணவகங்கள் அதைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும். அதற்குக் கீழே இன்னொரு வெற்றுக் கோடும் இருக்கும். என் நண்பர்கள் எட்டுப் பேர் ஓர் இடத்தில் அதைக் கவனிக்காமல் மீண்டும் 20 விழுக்காடு எழுதிவிட்டு, மறுநாள் கார்டுக் கணக்கைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். கையெழுத்துப் போடும் முன் மேலிருந்து கீழாக ஒரு முறை படியுங்கள்.

மொத்தச் செலவுக்கு ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். உணவும் பானமுமாக 900 டாலர் வந்தால், நகரில் விற்பனை வரி மொத்தம் 8.875 விழுக்காடு என்பதால் 79.88 டாலர், அன்பளிப்பு 20 விழுக்காடு என்றால் 180 டாலர், ஆக 1,159.88, ஆளுக்கு ஏறத்தாழ 193 டாலர். பட்டியலில் பார்க்கும் ஒவ்வொரு 100 டாலரையும் 129 என்று மனத்தில் மாற்றிக்கொண்டால் கடைசியில் திடுக்கிட வேண்டியதில்லை. மாணவராகவோ வேலை தேடுபவராகவோ யாரேனும் குழுவில் இருந்தால், இந்தத் தொகையை வாரக்கணக்கில் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு ஒருவர் விலையைப் பார்த்துச் சாலட் மட்டும் கேட்கும் நிலை வரக் கூடாது.

முன்பதிவு செய்யும்போது வட்ட மேசை கேளுங்கள். நீண்ட மேசையில் ஆறு பேர் உட்கார்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும், நடுவில் வைத்த தட்டும் ஓரத்தில் இருப்பவருக்கு எட்டாது. எல்லோரும் வந்து சேரும்வரை உட்காரவைக்காத உணவகங்கள் இங்கே பல என்பதால், சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே கூடிவிடுங்கள்.

மிஞ்சியதைத் தயங்காமல் கட்டித் தரச் சொல்லுங்கள், இங்கே அது இயல்பான வழக்கம். எலும்பையும் சேர்த்துக் கேளுங்கள். மறுநாள் அந்தத் துண்டுகளை மைக்ரோவேவில் வைத்துக் கெடுக்க வேண்டாம். மெல்லிசாகச் சீவி, குளிர் தணிந்ததும், நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் துளி நெய்யும் இடித்த மிளகும் போட்டுப் பக்கத்துக்குப் பதினைந்து நொடி புரட்டினால் போதும். எலும்பைச் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகத்தோடு இரண்டு மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, கொத்தமல்லி தூவி ரசமாக இறக்குங்கள். மேற்புறம் கருகி இருந்ததால் வரும் அந்தப் புகை மணத்தை, வீட்டில் புதிதாக வாங்கிய எலும்பில் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் கொண்டுவர முடியாது.